கற்பனை நில வரைபடம்

கதைக்காகவோ விளையாட்டுக்காகவோ, உலகில் இல்லாத நாட்டுக்கு வரையப்படும் நிலப்படம். தாமஸ் மோரின் ‘யுடோபியா’ 1516இல் லூவன் நகரில் அச்சானபோதே அத்தீவின் மரச்செதுக்குப் படமும் அதில் இடம்பெற்றது.

படத்திலிருந்து கதை பிறந்ததற்குப் புகழ்பெற்ற சான்று, ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’. 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமரில், மனைவியின் மகனோடு பொழுதுபோக்காகத் தீட்டிய தீவுதான் அந்நாவலாக விரிந்தது. பதிப்பகத்துக்கு அனுப்பிய மூலப்படம் தொலைந்துபோனது. எழுதி முடித்த நாவலிலிருந்து இடக்குறிப்புகளையெல்லாம் திரட்டி, கவராயத்தால் அளந்து, அவற்றுக்குப் பொருந்தும்படி புதிய படம் வரைய நேர்ந்தது. முதல் படத்தின் மகிழ்ச்சி இரண்டாவதில் அவருக்குக் கிட்டவில்லை.

இக்கலையை ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். சிக்கலான கதைக்குப் படம் முதலில் வேண்டும், பின்னால் வரைய முடியாது என்பது அவர் கொள்கை. கட்டமிட்ட தாளில் தொலைவுகளைக் கணக்கிட்டே பாத்திரங்களை நடக்கவைத்தார். 1955இல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகத்துக்காக அவர் ஊண் உறக்கமின்றி அளவு திருத்தித் தந்த படத்தை, மகன் கிறிஸ்டோபர் 24 மணி நேரம் கண்விழித்துத் திரும்ப வரைந்தார். இன்றைய கற்பனைப் படங்களில் மலைகள் பக்கவாட்டுத் தோற்றத்தில் நிற்பதில் கிறிஸ்டோபர் கைவண்ணத்தின் சாயல் தெரிகிறது. உர்சுலா லெ குவினும் ‘எர்த்சீ’ (1968) தீவுக்கூட்டத்தை முதலில் வரைந்துகொண்ட பிறகே எழுதினார்.

1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு, வரையும் வேலையை எழுத்தாளர்களிடமிருந்து ஆட்டக்காரர்களின் கைக்கும் கொண்டுவந்தது. அவர்களுக்காகவே 1993இல் ‘கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்’ மென்பொருள் வந்தது. இப்போது இன்கார்னேட் போன்றவை இணைய உலாவியிலேயே இயங்குகின்றன. ஆயத்த மலைகளும் மரங்களும் அவற்றில் கிடைப்பதால் வேலை விரைகிறது. ஆனால் படங்கள் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. கையால் வரைந்து கணினிக்கு ஏற்றுவதே சிறந்த வழி. பென்சிலில் கடற்கரை, பிறகு மலைத்தொடர், அதிலிருந்து இறங்கும் ஆறுகள் என்று போக வேண்டும். ஆறுகள் கீழ்நோக்கி ஓடி ஒன்றோடொன்று சேரும். கழிமுகம் தவிர மற்ற இடங்களில் பிரிவது அரிது. தொடங்குவோர் அதிகம் தவறுவது இங்கேதான். மையிட்ட தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது வரும்படி ஸ்கேன் செய்து, கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் கோடு, நிறம், ஊர்ப்பெயர் ஆகியவற்றைத் தனித்தனி லேயர்களில் வைத்தால், ஓர் ஊரின் பெயரை மாற்ற முழுப்படத்தையும் தொட வேண்டியதில்லை.

புதிதாக வரையத் தொடங்குபவர், ஒரு நாள் நடைக்கு எத்தனை கட்டம் என்பதை முதல் கோட்டுக்கு முன்பே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.