எண் பலகை இல்லாத கார்

நாவலில் இப்படி எழுதியிருந்தால், "தற்செயலை நம்பிக் கதை பண்ணுகிறாரே!" என்று வாசகர்கள் என்னைக் கேலி செய்திருப்பார்கள். சரித்திரத்தை யார் கேலி செய்வது?

1995 ஏப்ரல் 19. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் மத்திய அரசாங்கக் கட்டடம் வெடிகுண்டால் தகர்ந்தது. 19 குழந்தைகள் உட்பட 168 பேர் மாண்டனர். எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வு இலாகாவினர், வெடிப்பில் பறந்து விழுந்த லாரி அச்சின் எண்ணைக் கொண்டு, வாடகைக் கடை, தங்கிய விடுதி என்று தேடிச் சென்று, திமோதி மக்வே என்ற பெயரை அடைந்தனர். ஆள் எங்கே? ஏற்கெனவே சிறையில்! குண்டு வெடித்த ஒன்றரை மணி நேரத்துக்குள், காரில் எண் பலகை இல்லையே என்று நிறுத்திய மாநிலப் போலீஸ்காரர் ஒருவர், மறைத்து வைத்திருந்த துப்பாக்கிக்காக அவனைக் கைது செய்திருந்தார். ஏப்ரல் 21 அன்று, அவன் ஜாமீன் கேட்டு நிற்கவிருந்த வேளையில் தகவல் வந்து சேர்ந்தது.

பெரிய இலாகா பெயரைக் கண்டுபிடித்தது. சாலையோரக் கடமை ஆளைப் பிடித்து வைத்தது. இரண்டில் ஒன்று தவறியிருந்தால்? நினைக்கவே எனக்கு அச்சமாயிருக்கிறது.