தமிழ்க் கதை நூல்களில் எதிர்பாராத முடிவு: ஒரு வரலாற்று நோக்கு

நூலின் தொடக்கத்துக்குக் கடவுள் வாழ்த்து, அவையடக்கம் என்று முறை வகுத்துக்கொண்ட நம் முன்னோர், அதன் முடிவை மங்களகரமாக அமைப்பதையே பெரும்பாலும் சம்பிரதாயமாகப் போற்றி வந்தனர். கம்பர், இராமபிரான் முடிசூடி, வந்தோர்க்கெல்லாம் விடைகொடுத்த மகிழ்ச்சியோடு தம் காவியத்தை நிறைவு செய்தார். புராணங்களோ, படிப்போரும் கேட்போரும் எய்தும் பலனைச் சொல்லி முடிந்தன. இத்தகைய மரபினிடையே, வாசகரைத் திடுக்கிடச் செய்யும் முடிவு எவ்வாறு தோன்றிப் பரிணமித்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மரபுக்குத் தலையாய விதிவிலக்கு சிலப்பதிகாரம். சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கொணர்ந்த கல்லில் கண்ணகி பத்தினித் தெய்வமாகப் பிரதிஷ்டையானவுடன் கதை முற்றுப்பெற்றதென்றே எண்ணுவோம். ஆனால் முப்பதாவதாகிய வரந்தரு காதையில், பதிகத்தில் கதை கேட்பவராக நமக்கு அறிமுகமான இளங்கோவடிகள், தன்மையிடத்தில் பேசிக்கொண்டு தாமே கோயிலுக்குள் செல்கிறார். அங்கே தேவந்தி என்பாள்மேல் ஆவேசித்த பத்தினித் தெய்வம், நிமித்திகன் வாக்கால் தமையனாகிய செங்குட்டுவனுக்கு நேர்ந்த மனக்கலக்கம் தீர அவர் அரசுரிமையைத் துறந்த பழைய வரலாற்றை அவரிடமே எடுத்துரைக்கிறது. கதை சொல்லி வந்தவர், தம்முடைய கதையைத் தம் காவியத் தலைவியின் வாயிலாகவே கேட்டு நிற்கும் முடிவு, எம்மொழி இலக்கியத்திலும் அரிதாகவே காணக்கிடைப்பது.

உரைநடை நாவல் பிறந்தபோது பழைய மரபே மீண்டும் ஓங்கியது. 1879-இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம், ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அரசாளுதல் முதலிய வியப்புகளையெல்லாம் இடையிலே வைத்துவிட்டு, முடிவை இன்பமாகவே அமைத்தது. 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்த ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரமும், பிரிந்த தம்பதிகளைச் சேர்த்து, அவர்களை ஞானத்தின் சாந்தியிலே நிறுத்தியது.

இம்மரபை உடைத்தெறிந்தவர் புதுமைப்பித்தன். 1943-இல் கலைமகளில் வெளிவந்த ‘சாபவிமோசனம்’ என்ற கதையில், இராமனின் பாததூளியால் உயிர்பெற்ற அகலிகை, அவனே சீதையை அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்ன செய்தியைச் சீதையின் வாயால் கேட்டுக் கொதிக்கிறாள். ஆசிரியர் அக்கொதிப்புக்குக் கண்ணகியையே உவமை சொல்கிறார். கதை முடியும்போது அகலிகை மீண்டும் கல்லாகிறாள். தலைப்பு வாக்களித்த விமோசனத்தை முடிவு மறுத்துவிடுகிறது.

கல்கியின் பொன்னியின் செல்வன் (1950–1954) வேறொரு வகையில் முக்கியமானது. தமக்கு உரியதென்று அனைவரும் கருதிய மகுடத்தை அருள்மொழிவர்மர் உத்தம சோழருக்குச் சூட்டுவதே அந்நெடுங்கதையின் சிகரம். ஆதித்த கரிகாலரின் மரணமோ ஐயத்திற்கிடமாகவே நின்றது. வாரந்தோறும் காத்திருந்து படித்த வாசகர்கள் இவ்வளவில் திருப்தியடையாமல் கேள்விகள் எழுப்பியதால், கல்கி முடிவுரை ஒன்று எழுதி விளக்கம் தர வேண்டியதாயிற்று. முடிவைப் பற்றி ஆசிரியரிடம் வழக்காடும் உரிமை வாசகருக்கு உண்டு என்பதைத் தொடர்கதை யுகம் நிலைநாட்டிய நிகழ்ச்சி அது.

அவ்வழக்கின் உச்சம் ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழை நாளில் அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வந்த மகளை, முதலில் பதறி அடித்த தாய், பிறகு தலையில் நீரை ஊற்றித் தூய்மையானவள் என்று அணைத்துக்கொள்கிறாள். தலைப்பிலே நெருப்பையும் முடிவிலே நீரையும் வைத்த இக்கதை பெருஞ்சர்ச்சையை எழுப்பிற்று. அதன் பின்னர் ஜெயகாந்தனே, தாய் அவ்விதம் மறைக்காமல் கூச்சலிட்டு ஊரறியச் செய்திருந்தால் என்னவாகும் என்று முடிவை மாற்றி, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைப் படைத்தார். 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், தமிழில் நிலைத்து நின்ற எதிர்பாராத முடிவுகள், மறைத்துவைத்த மர்மத்தை வெளிப்படுத்தியதால் நிலைபெற்றவையல்ல என்பது தெளிவு. நாம் நியாயமென்று ஒப்புக்கொண்டிருந்த தீர்ப்பை மறுவிசாரணைக்கு உட்படுத்தியதாலேயே அவை நிலைபெற்றன. ஆதலால், சிலப்பதிகாரத்தை வழக்குரை காதையோடு நிறுத்திவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, வரந்தரு காதை வரையிலும் மாணவர்களுக்குப் பயிற்றுவிக்குமாறு தமிழாசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.