பழைய கம்ப்யூட்டரை கேமிங்குக்கு மேம்படுத்தணுமா? காசு போடும் முன் இதைப் பாருங்கள்

"நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டா எல்லா கேமும் ஓடும்." கம்ப்யூட்டர் மேம்படுத்துவது பற்றிப் பேச்சு வந்தால் முதலில் கேட்கும் யோசனை இதுதான். ஆனால் வாங்கிய கார்டு பெட்டிக்குள் நுழையாமல் போவதும், நுழைந்தாலும் மின்சாரம் போதாமல் விளையாட்டின் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்துபோவதும் உண்டு.

இது சின்ன நஷ்டம் இல்லை. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 மே மாதம் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 கார்டின் அறிமுக விலை 299 அமெரிக்க டாலர், அதாவது அன்றைய மதிப்பில் 1,200 ரிங்கிட்டுக்கு மேல். ஈப்போவில் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசாக இருந்தாலும், சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து வீட்டில் அப்பா அம்மா தந்த காசாக இருந்தாலும், தவறான பாகத்துக்குப் போனால் திரும்ப வராது.

எதை முதலில் மாற்றணும், எதைத் தொடவே வேண்டாம்? இதோ விளக்கம்.

பிரச்சினை கம்ப்யூட்டரிலா, இணையத்திலா?

"லேக் அடிக்குது" என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு பிரச்சினைகள் கலந்திருக்கின்றன.

காட்சி சீராக ஓடுகிறது, ஆனால் எதிரி திடீரென்று இடம் மாறித் தெரிகிறான், சுட்டது தாமதமாகப் படுகிறது என்றால் அது இணையப் பிரச்சினை. கேமில் 'பிங்' எண்ணைப் பாருங்கள். வேலரண்ட், டோட்டா 2 போன்றவற்றில் நமக்கு அருகில் இருக்கும் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது. பிங் எகிறி எகிறி இறங்கினால் எந்த கார்டு போட்டாலும் சரியாகாது. வைஃபைக்குப் பதில் லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். செம்பனைக்கு நடுவில் இருக்கும் குடியிருப்புகளில் மொபைல் சிக்னலை நம்பி விளையாடுகிறவர்கள், ரௌட்டரை ஜன்னல் பக்கம் மாற்றி வைத்தே வித்தியாசம் காணலாம்.

இணையம் இல்லாமல் விளையாடும் கேமிலும் காட்சி துண்டு துண்டாக வந்தால், அதுதான் கம்ப்யூட்டர் பிரச்சினை.

எந்தப் பாகம் திணறுகிறது?

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கேமில் வி-சிங்கையும் எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் விளையாடிவிட்டு 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள்.

ஜிபியு 95 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறதா? கிராஃபிக்ஸ் கார்டுதான் முட்டுக்கட்டை.

ஜிபியு 50, 60 விழுக்காட்டில் இருக்கிறது, ரெசல்யூஷனைக் குறைத்தாலும் எஃப்பிஎஸ் ஏறவில்லையா? புராசசர் பின்தங்குகிறது. இங்கே புது கார்டு போடுவது வீண்செலவு.

மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டுகிறதா? ரேம் போதவில்லை.

புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் காட்சி உறைந்து, டிஸ்க் 100 விழுக்காட்டைத் தொடுகிறதா? பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். எஸ்எஸ்டிக்கு மாறினால் போதும்.

அதே பக்கத்தில் மெமரியைத் தட்டினால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். இரண்டில் ஒன்றில் மட்டும் ரேம் இருந்தால், அதே வகையில் இன்னொன்று சேர்க்கலாம். இரண்டு குச்சியாகப் போடும்போது புராசசரும் மெமரியும் பேசிக்கொள்ளும் பாதை இரட்டிப்பாகிறது. தனி கார்டு இல்லாமல், ரைசன் 5 5600ஜி போன்ற புராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பி விளையாடுகிறவர்களுக்கு இந்த மாற்றம் நன்றாகவே தெரியும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்களா? கவனம்

குறைந்த பட்ஜெட்டில் பலர் தொடங்குவது, கம்பெனிகள் பயன்படுத்தி விற்ற டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற ஆபீஸ் கம்ப்யூட்டரில். விலைக்கு நல்ல பொருள்தான். ஆனால் மேம்படுத்தும்போது மூன்று தடைகள் வரும்.

முதல் தடை பவர் சப்ளை. சிறிய ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் 180 முதல் 260 வாட் வரைதான் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான தனி பவர் வயரும் இருக்காது. பல மாடல்களில் மதர்போர்டு கனெக்டரே அந்த கம்பெனிக்கு மட்டும் உரியது. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை நேராகப் பொருந்தாது.

இரண்டாவது இடம். ஒல்லியான பெட்டிக்கு 'லோ புரொஃபைல்' எனும் பாதி உயரக் கார்டு மட்டும்தான் நுழையும்.

மூன்றாவது புராசசரின் தலைமுறை. இதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

மதர்போர்டு ஸ்லாட் தரும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். தனி வயர் இல்லாத பெட்டியில் அதற்குள் அடங்கும் கார்டுதான் போட முடியும். அப்படிப்பட்டவை சில:

ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி: 70 வாட். 2024 தொடக்கத்தில் வந்தது. பாதி உயர மாடலும் உண்டு. பெட்டியில் '6 ஜிபி' என்று இருக்கிறதா பாருங்கள். 8 ஜிபி மாடல் வேறு கார்டு, அதற்குத் தனி பவர் வயர் வேண்டும்.

ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி: 75 வாட். சில மாடல்களில் 6 பின் பவர் கனெக்டர் இருக்கும், அது நமக்கு ஆகாது.

ஆர்எக்ஸ் 6400, 4 ஜிபி: 53 வாட். ஆனால் இது பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-வில் நான்கு லேன் மட்டுமே பயன்படுத்தும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருப்பது 3.0. அங்கே இதன் வேகம் குறையும். விளையாட்டைப் பதிவு செய்யும் வீடியோ என்கோடரும் இதில் இல்லை. யூடியூப்பில் போட நினைப்பவர்களுக்கு ஏற்றதல்ல.

சாதாரண அளவுப் பெட்டியும் நல்ல 450 அல்லது 550 வாட் பவர் சப்ளையும் இருந்தால் வாய்ப்பு அதிகம். 132 வாட் எடுக்கும் ஆர்எக்ஸ் 6600, 1080பி அளவில் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி மெமரி இருப்பது கவர்ச்சிதான், ஆனால் 'ரீசைசபிள் பார்' வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அது தடுமாறும்.

பவர் சப்ளையில் '80 பிளஸ்' முத்திரை பார்த்து மட்டும் முடிவு செய்யாதீங்க. மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. உள்ளே பாதுகாப்பு எப்படி, எத்தனை ஆண்டு வாரண்டி என்பதைத் தனியாகப் பார்க்கணும்.

புராசசர் எண்ணில் என்ன இருக்கிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 வேண்டும். விண்டோஸ் 11-இல் வேலரண்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்கணும்.

தலைமுறையை எண்ணிலேயே படிக்கலாம். ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை, நான்கு கோர். ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, ஆறு கோர். இரண்டும் 'கோர் ஐ5' என்றே விற்கப்படும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது "ஐ5 தானே" என்று விட்டுவிடாமல் முழு எண்ணைக் கேளுங்கள்.

ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ரைசன் 1000, 2000 வரிசையில் இருந்து ரைசன் 5 5500 அல்லது 5600-க்கு அதே போர்டில், அதே டிடிஆர்4 ரேமுடன் தாவலாம். போர்டு கம்பெனியின் இணையப் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு அந்தப் புராசசர் ஆதரவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயாஸை அப்டேட் செய்த பிறகுதான் பழைய புராசசரைக் கழற்றணும்.

ரேம் விலை ஏன் இப்படி ஏறியது?

2025 இறுதியில் ரேம் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி தேவை பெருகியதால், தயாரிப்பாளர்கள் லாபம் அதிகமான அந்தப் பக்கம் உற்பத்தியைத் திருப்பினார்கள். பினாங்கிலும் மூவாரிலும் ஆலை வைத்திருக்கும் மைக்ரோன், தன் 'குரூஷியல்' நுகர்வோர் வியாபாரத்தில் இருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

பேராக்குக்கும் சிப் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. கார்செம் 1972 முதல் ஈப்போவில் இயங்குகிறது. யுனிசெம் ஆலையும் இங்கே இருக்கிறது. சிப்புகளை உறையிட்டுச் சோதிப்பது இவற்றின் வேலை. ஆனால் சிப் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் கடையில் ரேம் மலிவாகாது. விலை உலகச் சந்தையில் முடிவாகிறது.

இதில் நமக்கு என்ன பாடம்? டிடிஆர்4 நன்றாக வேலை செய்தால் டிடிஆர்5-க்கு மாற அவசரப்பட வேண்டாம். ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் என்பதால், அந்த மாற்றத்துக்குப் புராசசர், போர்டு, ரேம் மூன்றும் சேர்த்துச் செலவாகும். இருக்கும் ரேமைத் தூக்கிப் போடாதீங்க, விற்றுக்கூட விடாதீங்க.

ஈப்போ கடையா, ஆன்லைனா, செகண்ட் ஹேண்டா?

ஈப்போ நகர மையத்தில் உள்ள யிக் ஃபூங் வளாகம் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் பெயர் போனது. சுங்கை சிப்புட்டில் இருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கடையில் வாங்குவதில் பெரிய நன்மை, உங்கள் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகலாம். கார்டு நுழைகிறதா, ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கினால், 500 ரிங்கிட்டுக்குக் குறைவான பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. வாரண்டிக்குப் பொருளை எங்கே அனுப்பணும், தபால் செலவு யாருடையது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டில் மூன்று விஷயங்கள் கவனிக்கணும்:

2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டு மூலம் 'மைனிங்' செய்யும் முறையைக் கைவிட்டது. அதற்கு முன் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்றாலே கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. ஆனால் ஃபேன் சத்தம், வெப்பம் இரண்டையும் 20 நிமிடம் ஓடவிட்டுச் சோதியுங்கள்.

ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படும் சில, உண்மையில் வேகம் குறைந்த '2048எஸ்பி' வகை. ஜிபியு-இசட் எனும் இலவச மென்பொருளில் ஷேடர் எண்ணிக்கை 2304 என்று காட்டணும்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் மேம்பாட்டை என்விடியா 2025-இல் நிறுத்திவிட்டது. மலிவாகக் கிடைத்தாலும் இதை மனத்தில் வையுங்கள்.

தெரியாத ஆளுக்குக் காசு அனுப்பும் முன், போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள்.

கடை தந்த பொருளில் குறை, கடை கை விரிக்கிறது என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். மலாயில் அதன் பெயர் துரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது முக்கியம். வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கினால் இந்த வழி கிடைக்காது.

வெயிலும் இடியும்

பகலில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டும் ஊரில், வெப்பம் ஏறினால் கார்டும் புராசசரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் துடைத்து, புராசசரின் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே சில கம்ப்யூட்டர்கள் சரியாகிவிடும்.

மாலையில் இடி மின்னல் வந்தால் பிளக்கையும், ரௌட்டருக்கு வரும் வயரையும் கழற்றிவிடுவதுதான் நிச்சயமான பாதுகாப்பு. பழைய லயத்து வீடுகளில் எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்று பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எர்த் இல்லாத இடத்தில் சர்ஜ் புரொடெக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. எக்ஸ்டென்ஷன் வயரில் சிரிம் முத்திரை இருக்கணும்.

கடைக்குப் போகும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

1. நீங்கள் விளையாடும் இரண்டு மூன்று கேம்களின் பெயர்.

2. டாஸ்க் மேனேஜர் காட்டிய முட்டுக்கட்டை: ஜிபியு, புராசசர், ரேம், டிஸ்க், எது?

3. புராசசரின் முழு எண், மதர்போர்டு மாடல்.

4. பவர் சப்ளையின் வாட், அதில் 6 அல்லது 8 பின் வயர் இருக்கிறதா என்ற விவரம்.

5. பெட்டிக்குள் கார்டுக்கான நீளம், உயரம். ஸ்கேல் வைத்து அளந்தது.

6. மானிட்டரின் ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 காட்சிகளுக்கு மேல் காட்டாது. அதற்கு 200 எஃப்பிஎஸ் தரும் கார்டு பெரும்பாலும் தேவையில்லை.

இந்த ஆறும் கையில் இருந்தால், கடைக்காரர் காட்டும் கார்டு உங்களுக்குப் பொருந்துமா என்று நீங்களே சொல்லிவிடலாம்.