பதின்மூன்று குண்டுகள்

அத்தியாயம் 3

சென்ற வாரம் லீ வோவை நடுக்கடலில், தலைக்கு மேல் விமானங்கள் வட்டமிட, அப்படியே விட்டுவிட்டு வந்தோம். முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடலாம். கப்பல் மூழ்கவில்லை. 1942 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஜப்பானியர்கள் நான்கு முறை வானிலிருந்து அடித்தார்கள். அதில் ஒரு தாக்குதலில் மட்டும் 52 விமானங்கள். நான்கையும் தாங்கிக்கொண்டு, உடம்பெல்லாம் காயத்தோடு, 14-ஆம் தேதி பிற்பகலிலும் லீ வோ தெற்கே பத்தேவியாவை (இன்றைய ஜகார்த்தா) நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் அது போருக்குப் பிறந்த கப்பலே அல்ல. ஹாங்காங்கில் கட்டியது. சீனாவின் மேல் யாங்சே ஆற்றில் பயணிகளை ஏற்றி இறக்கியது. பாறையும் சுழலும் நிறைந்த அந்த ஆற்றில் ஓட வேண்டுமானால் கப்பலின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும், நீரில் அதிகம் அமிழக் கூடாது. ஆற்றுக்கு வரமான அந்த உடல்வாகு கடலில் சாபம். சாதாரண அலைக்கே தொட்டில் போல ஆடும். போர் வந்ததும் பிரிட்டிஷ் கடற்படை இதையும் எடுத்துக்கொண்டு, சாம்பல் வண்ணம் பூசி, முன்தளத்தில் நான்கு அங்குல பீரங்கி ஒன்றை வைத்து, ‘ரோந்துக் கப்பல்’ என்று பெயர் சூட்டிவிட்டது. ஓய்வுபெற்ற வாத்தியார் கையில் லத்தியைக் கொடுத்துத் தெருக்காவலுக்கு அனுப்பிய மாதிரிதான்.

அதன் கேப்டன், லெப்டினன்ட் தாமஸ் வில்கின்சனும் முழுநேரக் கடற்படைக்காரர் அல்ல. இங்கிலாந்தின் விட்னெஸ் ஊர்க்காரர். பிழைப்புக்கு வணிகக் கப்பலில் போனவர். ரிசர்வ் படையில் பெயர் இருந்ததால் போருக்கு வந்தவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

கப்பலில் அன்றைக்கு இருந்தவர்கள் 84 பேர். ஒரே கப்பலில் பழகிய குழு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே மூழ்கிப்போன கப்பல்களிலிருந்து தப்பியவர்கள். இரண்டு மாதம் முன்பு குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் கடலடிக்கு அனுப்பிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பெருங்கப்பல்களின் மாலுமிகளும் அவர்களில் உண்டு. தரைப்படை, விமானப்படை ஆட்கள் சிலர். சீருடையே இல்லாத ஒருவர். சிங்கப்பூர் கைவிட்டுப் போகும் நேரத்தில், கிடைத்த கப்பலில் ஏறியவர்கள். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது.

இவர்களிடம் இருந்த ஆயுதம் என்ன? இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். அந்த ஒற்றைப் பீரங்கி. அதற்கு 13 குண்டுகள். அவையும் பயிற்சிக் குண்டுகள் என்றே பிற்பாடு வந்த பிரிட்டிஷ் அரசிதழ் அறிவிப்பு குறிப்பிடுகிறது. வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, பதின்மூன்று குண்டு: சகுனம் பார்க்கும் மாலுமிகள் நிச்சயம் எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

பிற்பகல் சாய்ந்த நேரம். அடிவானத்தில் புகை தெரிந்தது. பிறகு பாய்மரக் கம்பங்கள் போல உச்சிகள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியவர்கள் பிறகு எண்ணுவதையே விட்டிருப்பார்கள். ஜப்பானியத் துருப்புக் கப்பல்கள், இரண்டு அணிகளாக. பெரிய அணிக்குக் காவலாக ஒரு குரூஸரும் சில டெஸ்ட்ராயர்களும். சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் வயல்களைக் குறிவைத்துப் புறப்பட்ட படை அது. அதே நாளில் பாலெம்பாங்கில் ஜப்பானியப் பாராசூட் வீரர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். லீ வோ அந்த ஊர்வலத்தின் குறுக்கே வந்து சேர்ந்திருந்தது.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். வில்கின்சன் சுக்கானைத் திருப்பி ஓடியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பதின்மூன்று குண்டோடு குரூஸரை எதிர்ப்பது போர்க் கலையில் வராது. அவர் என்ன செய்தார்? ஆட்களைக் கூட்டினார். தப்ப முயல்வதில்லை, நேரே போய் மோதப் போகிறோம், கடைசிவரை சண்டை, மூழ்குவதற்குள் எதிரிக்கு ஏதாவது சேதம் செய்ய முடியுமா பார்ப்போம் என்றார். முந்தைய நாள்வரை முகம் தெரியாத அந்த 84 பேரும் சரி என்றார்கள். ஏற்கெனவே ஒருமுறை கடலில் விழுந்து எழுந்தவர்கள் இன்னொரு முறை விழச் சம்மதித்தார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பிழைத்தவர்கள் ஏறக்குறைய பத்துப் பேர். அவர்களும் ஜப்பானியரிடம் போர்க் கைதிகளானார்கள். வில்கின்சனுக்கு, பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிப்பு 1946 டிசம்பரில்தான் வந்தது. சாட்சி சொல்ல ஆள் வெளியே வர வேண்டியிருந்ததே!

போர்க் கொடி ஏறியது. லீ வோ பெரிய அணியை நோக்கித் திரும்பியது. பீரங்கிக்கென்று பயிற்சி பெற்ற தனிக்குழு இல்லை. முன்வந்தவர்களே குழுவானார்கள். ஒரு குண்டின் எடை ஏறத்தாழ 14 கிலோ. கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி, உள்ளே தள்ளி, அடைத்து, குறிபார்த்துச் சுட வேண்டும். ஒவ்வொரு முறையும் மீதி ஒன்று குறையும். வீணடிக்க ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அடி விழுந்தது: ஒரு பெரிய துருப்புக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. அதன் ஆட்கள் கப்பலைக் கைவிட்டு இறங்கினார்கள். எட்டும் தூரத்தில் வந்த கப்பல்களின் தளங்களை இயந்திரத் துப்பாக்கிகள் துளைத்தன.

ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே இப்படி நின்றது அந்த ஆற்றுக் கப்பல். பதிலடியில் அதன் உடல் கிழிந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது. குண்டும் தீர்ந்துபோகும் நிலை.

வில்கின்சனிடம் இன்னும் ஓர் ஆயுதம் மிச்சமிருந்தது. அதற்கு வெடிமருந்து வேண்டாம். எரிந்துகொண்டிருந்த அந்தத் துருப்புக் கப்பலைப் பார்த்தார். சுக்கான்காரருக்குத் திசை சொன்னார்.

லீ வோவின் மூக்கு மெல்ல அதன் பக்கம் திரும்பியது. இரண்டு கப்பலுக்கும் நடுவில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. குரூஸர் இன்னும் அங்கேதான் இருந்தது.

(அடுத்த வாரம்)