துண்டுச் சீட்டிலிருந்து சேவையகம் வரை

மனிதனுக்கு முன்பாக அவனைப் பற்றிய ஏடு பேசுகின்ற சமுதாயத்தில், அந்த ஏட்டை யார் வைத்திருக்கிறார், எப்படிக் காக்கிறார் என்பது அரசியற் பிரச்சினையாகும். இன்று ஏடுகள் சேவையகம் எனும் கணினிக்குள் புகுந்துவிட்டன. அந்தக் கணினி பழசாகும்போது, அதிலுள்ளவற்றைப் புதிய இயங்குதளத்துக்கு மாற்றும் வேலை வருகிறது. இதனை வல்லுநரின் தனி அலுவல் என்று ஒதுக்கிவிடலாமா? ஊவாத் தோட்டங்களின் வரலாறு அறிந்தவர் ஒதுக்கமாட்டார்.

பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளில் உழைத்த தமிழனின் விதியை முதலில் சுமந்த ஏடு 'துண்டு'. அவன் பட்ட கடன் எவ்வளவு என்று கூறும் சீட்டு அது. கடனைத் தீர்க்கும் புதிய கங்காணியிடம் சீட்டு கைமாறும். சீட்டோடு ஆளும் கைமாறுவான். 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தோட்டத்தானின் வாழ்வைச் சொல்லும் ஏடுகள் அவன் கைக்கு வந்துவிடவில்லை. செக்ரோல் தோட்டக் கந்தோரில் இருந்தது. லயத்தில் பிறந்த குழந்தையைப் பதிவாளருக்கு அறிவிக்கும் கடமையும் தோட்டத்துரையிடம் இருந்தது.

இதன் விலை விரைவிலேயே தெரிந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாசலைத் திறப்பதுபோல் காட்டிற்று. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும் என்றது. தேயிலைச் செடிகளே சாட்சியாக நின்றன. சட்டமோ காகிதத்தைக் கேட்டது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. எஞ்சியோருக்கு வழி செய்ய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அச்சட்டத்துக்கு 20 ஆண்டுகளுக்குப் பின், அரசே தன் ஏட்டைத் தொலைத்து நின்றது. 2023 ஆகஸ்டில், கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று அரசாங்க முகிலைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மின்னஞ்சல்களில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலானவை மீட்க முடியாதபடி போயின. அந்நாள்களுக்குக் காப்புப் பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரல் 11இலேயே முடிந்திருந்தது. 2021 முதலே மாற்றத் திட்டமிருந்தும், நிதிக் குறைவாலும் முந்திய சபைத் தீர்மானங்கள் சிலவற்றாலும் தாமதமாயிற்று என்று பொறுப்பான முகவர் நிலையம் கூறியது.

ஆதரவு முடிவதென்றால் என்ன? பின்னர் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க நிரலாக்கியவர் வரமாட்டார் என்பதே. அஞ்சல் நிரலை மட்டும் புதுப்பிப்பதும் இயலாது. 2013 பதிப்பு விண்டோஸ் சேவையகம் 2012 ஆர்2க்கு மேற்பட்ட தளத்தில் ஏறாது. 2019 பதிப்போ அதற்குக் கீழ்ப்பட்ட தளத்தில் இறங்காது, விண்டோஸ் சேவையகம் 2019ஐயாவது கேட்கும். ஆகவே புதிய தளத்தில் புதிய சேவையகத்தை நிறுவி, அஞ்சற் பெட்டிகளை ஒவ்வொன்றாக அங்கே நகர்த்தி, எல்லாம் வந்தனவா என்று ஒப்பிட்டு, அதன் பின்னரே பழையதை நிறுத்த வேண்டும். காப்புப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்க முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

தமிழுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர், ஒருங்குறிக்கு முறையாக மாற்றப்படாவிட்டால், புதிய கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். பெயரின் ஓர் எழுத்துப் பிழைக்காக ஏழை எத்தனை முறை கச்சேரிப் படி ஏறுகிறான் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

வசதியுள்ளவனிடம் பிரதி இருக்கும், வழக்கறிஞரும் இருப்பார். லயத்து மனிதனுக்கு அரசிடமுள்ள அந்த ஒற்றைப் பதிவே ஆதாரம். ஆதலால், எந்தப் பதிவேடு எந்திரம் மாறும்போதும், "பழையதை நிறுத்துமுன் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? மீட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்பது மக்களின் உரிமை. அதற்கு வேண்டிய பணம் வரவு செலவுத் திட்டத்தில் கடைசியில் மிஞ்சும் சில்லறையாக இருத்தலாகாது. ஏடு இல்லாத குற்றத்துக்காக ஒரு தலைமுறை நாடிழந்தது. அடுத்த தலைமுறை ஏட்டைக் காக்கக் கற்றுக்கொள்ளட்டும்.