ஆப்பிள் இல்லாத ஆப்பிள் பை

ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டிலும் பட்டயத்திலும் தேடுவது வழக்கம். அடுக்களையிலும் அதனைத் தேடலாம். பஞ்சமும் போரும் வந்துபோன சுவடுகள் அங்கே சமையற் குறிப்புகளாகத் தங்கிவிடுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சில எளிய பண்டங்களை இன்று அவ்வாறு நோக்குவோம்.

'பை' என்பது இங்கே தோளில் தொங்குவதன்று. கோதுமை மாவைக் கொழுப்பும் குளிர்ந்த நீரும் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, வட்டத் தட்டில் பரப்பி, நடுவே பழமோ பாலோ நிரப்பி, மூடிய அடுப்பில் வேகவைப்பது அது. பழம் மிகுந்த காலத்தில் ஆப்பிள் பை, செர்ரிப் பை என்று அந்தந்தப் பழத்தின் பெயரால் விளங்கும். பனிக்காலத்தின் கடைசியில் நிலவறையில் சேமித்த ஆப்பிளும் தீர்ந்துபோகுமே, அப்போது என் செய்வது? இருப்பதைக் கொண்டு இல்லத்தரசியர் ஆக்கியவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. அதனைத் தமிழில் 'கையறுநிலைப் பை' எனலாம். தலைவனை இழந்தோர் வருந்திப் பாடும் துறைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் கையறுநிலை. பழத்தை இழந்தோர் பாட்டுப் பாடவில்லை, மாவு பிசைந்தனர்.

அவற்றுள் ஒன்று காடிப் பை. எலுமிச்சை விளையாத உள்நாட்டுப் பகுதிகளில் அதன் விலை எளியோருக்கு எட்டாதது. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த காடியோ, ஆண்டு முழுதும் கெடாமல் வீட்டிலேயே இருக்கும். தண்ணீர், சர்க்கரை, சிறிது மாவு, வெண்ணெய் இவற்றோடு ஓரிரு கரண்டிக் காடியைச் சேர்த்துக் காய்ச்சினால் எலுமிச்சையின் புளிப்பை ஒருவாறு பெறலாம். லாரா இங்கால்ஸ் வைல்டர் 1932-இல் வெளியிட்ட தம் முதல் நூலில், காட்டு வீட்டின் கிறிஸ்துமஸ் பண்டங்களுள் இதனையும் சேர்த்திருக்கிறார். ஏழ்மையின் பண்டம் திருநாட் பண்டமாகவும் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

மற்றொன்று இந்தியானா மாநிலத்துச் சர்க்கரைப் பாலேட்டுப் பை. சர்க்கரை, மாவு, வெண்ணெய், பாலேடு, மேலே தூவச் சாதிக்காய்ப் பொடி, முட்டைகூட வேண்டா. பாத்திரம் ஒன்று மிச்சமாகட்டும் என்று, மாவுத்தட்டிலேயே இவற்றை இட்டு விரலால் கலப்போரும் இருந்தனர். குடியானவர் வீட்டு இப்பண்டத்தை 2009-ஆம் ஆண்டு மாநில மேலவை தீர்மானம் இயற்றிச் சிறப்பித்தது.

இனி, தலைப்பில் சொன்ன விந்தைக்கு வருவோம். அடிமை முறையைக் காக்கும் பொருட்டுப் பிரிந்துசென்ற தென் மாநிலங்களின் துறைமுகங்களை 1861-இல் லிங்கனின் அரசு கடற்படையால் அடைத்தது. பண்டங்கள் அருகின, விலை ஏறியது. 1863-இல் தெற்கின் தலைநகரான ரிச்மண்டில், தட்டுப்பாட்டுக் காலத்துக்கென ஒரு சமையற் குறிப்பு நூல் வெளிவந்தது. அதில் ஆப்பிள் இல்லாமலே ஆப்பிள் பை செய்யும் வகை காண்கிறது. உப்புப் பிஸ்கோத்தை நீரில் நன்கு ஊறவைத்து, இனிப்பும் வெண்ணெயும் சாதிக்காயும் ஒரு தேக்கரண்டி டார்டாரிக் அமிலமும் சேர்க்க வேண்டும் என்கிறது அது.

இது எங்ஙனம் ஆப்பிளாகும்? ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலத்தால் ஆவது. டார்டாரிக் அமிலமோ நம் புளியம்பழத்தில் மிகுந்திருப்பது. ஆயினும் நாவுக்கு வேண்டியது புளிப்பும் இனிப்பும் வெந்த பழத்தின் மென்மையும். பழகிய நறுமணமும் சேர்ந்துவிட்டால் மீதியை நினைவே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

1929-இல் பங்குச் சந்தை வீழ்ந்தபின் பெருமந்தம் நாட்டைச் சூழ்ந்தது. 1934-இல் ரிட்ஸ் பிஸ்கோத்து விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் அதன் பெட்டியிலேயே இப்போலி ஆப்பிள் பையின் செய்முறை அச்சாயிற்று. வியப்பு யாதெனில், 1930-இல் நியூயார்க்குத் தெருக்களில் வேலையிழந்தோர் ஆப்பிளை ஒன்று 5 சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தனர். ஆப்பிள் அந்நாட்டில் அற்றுப்போய்விடவில்லை. வாங்குவோர் கையில் காசுதான் அற்றுப்போயிற்று.

சொந்த ஊரை விட்டு வந்து, கிடைத்த காய்கறியில் நம் குழம்பை வைத்துப் பழகிய நமக்கு இக்கைத்திறனின் அருமை நன்கு தெரியும். ஆனால் அத்திறனைப் போற்றுகையில் ஒன்றை மறத்தலாகாது. சமையற் குறிப்பு நூல் வெளிவந்த அதே 1863-இல், ஏப்ரல் 2-ஆம் நாள், அதே ரிச்மண்டு நகரில் பசித்த பெண்கள் திரண்டு ரொட்டி கேட்டு வீதிக்கு வந்தனர்; கடைகளை உடைத்தனர். படை வரவழைக்கப்பட்டது. குடியரசுத் தலைவராயிருந்த ஜெபர்சன் டேவிஸ் தாமே வந்து கூட்டத்தைக் கலைந்துபோகச் சொன்னார். ஊறவைக்கப் பிஸ்கோத்து இருந்தவளுக்கு அந்நூல் உதவியது. அதுவும் இல்லாதவளுக்கு எந்நூலும் உதவவில்லை. சிக்கனம் வேறு, வறுமை வேறு. அலமாரியில் நான்கு பொருளேனும் இருப்பவரே சிக்கனமாயிருக்க முடியும் அன்றோ?