ஆற்றிலிருந்து அள்ளிய சூடு

சூரிக் நகரின் பழைய மன்றக் கட்டடமான ராட்ஹவுஸ், லிம்மாட் ஆற்றுக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கிறது. கட்டி முடித்த ஆண்டு 1698. குளிர்காலத்தில் அதன் அறைகளைச் சூடாக்க விறகு அடுப்புகள்தான் எரிந்துகொண்டிருந்தன. 1938-ல் அவற்றுக்கு விடை கொடுத்துவிட்டு, எஷர் வைஸ் என்ற சுவிஸ் நிறுவனம் அங்கே ஒரு ஹீட் பம்பைப் பொருத்தியது. வாசலில் ஜில்லென்று ஓடும் ஆற்றுநீரிலிருந்தே சூட்டை எடுத்து உள்ளே அனுப்பும் இயந்திரம் அது.

அந்தக் காலத்துக் குளிர்பதன இயந்திரங்களில் பிஸ்டன் மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்கும். மன்றம் கூடிப் பேசும் இடத்தில் அந்தத் தடதடப்பு சரிப்படாது. எனவே, அப்போதுதான் புதிதாக வந்திருந்த சுழல் வகை கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுத்தார்கள். சத்தமும் அதிர்வும் இருக்கக் கூடாது என்பதே காரணம். சுமார் 100 கிலோவாட் வெப்பம் தந்த அந்த இயந்திரம் 63 ஆண்டுகள் உழைத்து, 2001-ல்தான் ஓய்வு பெற்றது.

அடுத்து வந்தது நீச்சல்குளம். நகரக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்டர் வடிவமைத்த ஹாலன்பாட் என்ற உள்ளரங்கக் குளம் 1941-ல் ஹீட் பம்புடன் திறக்கப்பட்டது. வீட்டுக் குளத்துக்கு ஹீட் பம்ப் வாங்கப் போகிறவர் இன்று கடையில் கேட்கும் இரண்டு கேள்விகள், சத்தம் வருமா, கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பவை. சூரிக்கின் பொறியாளர்கள் அந்த இரண்டுக்கும் அப்போதே பதில் தேட வேண்டியிருந்தது.

அவர்களை அந்த வழியில் தள்ளியது நிலக்கரிப் பஞ்சம். சுவிட்சர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது; வெளிநாட்டை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் எடுக்கும் மின்சாரமோ தாராளமாக இருந்தது. போர் மூண்டு நிலக்கரி வரத்து சுருங்கியதும் கணக்கு எளிதாகிவிட்டது. 1938-க்கும் 1945-க்கும் இடையில் அந்தச் சிறிய நாட்டில் 35 ஹீட் பம்புகள் நிறுவப்பட்டன.

இயந்திரத்தின் சூத்திரம் நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பதுதான். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. ஹீட் பம்ப் வெளியில் இருக்கும் சூட்டை எடுத்து உள்ளே தள்ளுகிறது. மின்சாரம் சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து யூனிட் சூடு கிடைக்கும். எங்கிருந்து எடுக்கிறோமோ அந்த வெப்பநிலைக்கும், எங்கே சேர்க்கிறோமோ அதற்கும் இடைவெளி குறையக் குறைய லாபம் கூடும். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் 50, 60 டிகிரியில் தண்ணீர் ஓட வேண்டும். நீச்சல்குளத்துக்கு 27, 28 டிகிரி போதும். அந்த விதத்தில் ஹீட் பம்புக்கு நீச்சல்குளத்தைப் போல ஒத்துப்போகும் வேலை வேறு அமைவது அரிது.

இந்த யோசனை சூரிக்கில் பிறந்ததல்ல. 1852-லேயே வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, கட்டடங்களைச் சூடாக்க இப்படி ஒரு இயந்திரம் செய்யலாம் என்று எழுதிவிட்டார். சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் எபன்சே உப்பாலையில் பீட்டர் ரிட்டிங்கர் உப்புநீரைக் காய்ச்சுவதற்கு அதே தத்துவத்தைச் செயலில் காட்டினார். காய்ச்சும்போது வீணாகப் போகும் நீராவியையே அழுத்திச் சூடேற்றித் திரும்பப் பயன்படுத்துவது அவர் உத்தி. விறகில் 80 சதவீதம் மிச்சமாகும் என்பது அவர் போட்ட கணக்கு.

இங்கிலாந்திலும் போர்க்காலம்தான் கை கொடுத்தது. நாரிச் நகர மின் பொறியாளர் ஜான் சம்னர் 1945-ல் வென்சம் ஆற்றுநீரைக் கொண்டு மின்துறைக் கட்டடத்தைச் சூடாக்கினார். புது உதிரிபாகம் கிடைக்காததால் பழைய பாகங்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்த இயந்திரம் அது. ஆனாலும் கொடுத்த மின்சாரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் தந்தது. 1951-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் தேம்ஸ் நீரை வைத்து இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் பறந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் அதற்கு உந்துசக்தி. வந்த வெப்பம் அரங்கின் தேவையைவிட மிக அதிகம். செலவு கட்டுப்படியாகாமல் அதைக் கழற்றிவிட்டார்கள்.

பிறகு எண்ணெய் மலிந்தது. ஹீட் பம்ப் பேச்சும் அடங்கிப்போனது. 1973-ல் எண்ணெய் விலை எகிறியபோதுதான் அதைத் திரும்பவும் தேடினார்கள். குளிர்காலத்திலும் காற்று அவ்வளவாகக் குளிராத ஃபுளோரிடா போன்ற இடங்களில் வீட்டுக் குளங்களுக்கு ஆறு தேவைப்படவில்லை. சுற்றியிருக்கும் காற்றிலிருந்தே சூடு எடுக்கும் பெட்டிகள் தோட்டத்தில் வந்து உட்கார்ந்தன.

அவற்றின் பழைய தலைமுறைக்குக் குளோரின் எமன். செம்பு கலந்த வெப்பப் பரிமாற்றிக் குழாய்களைக் குளத்துநீர் அரிக்கும். கரைந்த செம்பால் தண்ணீர் பச்சை பாயும். நீந்துபவரின் பொன்னிறத் தலைமுடியும் பச்சையாகும். டைட்டானியம் குழாய்கள் வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது.

சத்தத்துக்கு மருந்து ஜப்பானிலிருந்து வந்தது. 1980, 81-ல் தோஷிபா இன்வெர்ட்டர் ஏசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம் என்றிருந்த கம்ப்ரஸர், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கற்றுக்கொண்டது. குளத்து ஹீட் பம்புக்கும் அது வந்து சேர்ந்தபோது இரட்டை ஆதாயம். மின்விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஓசை ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும்; 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் கேட்கும். மெதுவாக ஓடும்போது ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் வெப்பமும் கூடுகிறது.

விளம்பரத்தாளில் இருக்கும் டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. திறந்தவெளியில் 10 மீட்டர் தள்ளி அளந்தால், 1 மீட்டரில் அளந்ததைவிட 20 டெசிபல் குறைவாகவே வரும். இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுகிறவர் எந்தத் தூரத்தில், எந்த வேகத்தில் அளந்தது என்று பார்க்க வேண்டும். மின்செலவும் அப்படித்தான். 50,000 லிட்டர் குளத்தை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 58 யூனிட் வெப்பம் வேண்டும். ஐந்து மடங்கு தரும் ஹீட் பம்ப் அதை 12 யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஆனால் அந்த ஐந்து மடங்கு பெரும்பாலும் 26, 27 டிகிரிக் காற்றில் எடுத்த அளவு. 15 டிகிரிக் காற்றில் அது இறங்கிவிடும். குளத்தின் மேல் ஒரு விரிப்பு இல்லையென்றால் இத்தனை கணக்கும் ஆவியாகிப் போகும். வெப்ப இழப்பில் பெரும்பங்கு நீர் ஆவியாவதால் ஏற்படுவதே.

ஜெர்மனியின் விதிப்படி, வீடுகள் மட்டுமே உள்ள பகுதியில் இரவு நேரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலருகே இயந்திரச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது. பகலில் 50 வரை போகலாம். ஒருமுறை சூடேறிய குளம் எளிதில் ஆறுவதில்லை என்பதால், விரிப்பை இழுத்து மூடிவிட்டு இரவில் ஹீட் பம்பை அணைத்துவைக்கலாம். காற்று நன்றாகச் சூடேறும் நண்பகல் நேரத்தில் ஓட்டினால் அதே வேலைக்கு மின்சாரமும் குறைவாகவே செலவாகும்.